4500இல் என்ன இருக்கிறது?

தமிழ்நாட்டில் மின்னணுவியலோ கணினியியலோ படித்த பொறியாளர் ஒருவரிடம் 4100, 4500 என்று இரண்டு எண்களைச் சொல்லிப் பாருங்கள். மைக்ரோபிராசசர் லேப் என்று உடனே பதில் வந்தாலும் வரும். 8085 பயிற்சிக் கிட்டில் ஹெக்ஸ் விசைகளை ஒவ்வொன்றாகத் தட்டி நிரல் ஏற்றியவர்கள் அவர்கள். பல ரெக்கார்ட் நோட்டுகளில் நிரல் 4100இல் தொடங்கும். கூட்ட வேண்டிய எண்கள் 4500இல் தொடங்கும். எதை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பது எழுதுகிறவர் பொறுப்பு. பைத்தானில் கைபழகியவர்களுக்கு இந்தப் பொறுப்பு கிடையாது. மாறிக்கு ஒரு பெயர் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடலாம். அது நினைவகத்தில் எங்கே போய் உட்கார்ந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். அசெம்பிளி மொழியில் எழுதுகிறவரால் அப்படி நழுவ முடியாது.

8085, இன்டெல் நிறுவனம் 1976இல் வெளியிட்ட சில்லு. முகவரி சொல்ல அதற்கு 16 கம்பிகள். அதனால் 65,536 பைட்டுகளை எட்ட முடியும். இந்த 65,536 இடங்களில் எதிலும் 'தொகை' என்றோ 'வயது' என்றோ எழுதியிருக்காது. ஒவ்வொன்றுக்கும் உள்ள ஒரே அடையாளம் அதன் வரிசை எண். 4500ஆம் இடத்தில் இருக்கும் பைட்டை எடுத்து ஏ ரெஜிஸ்டரில் போடு என்று சொல்ல இப்படி எழுத வேண்டும்:

எல்டிஏ 4500

4500 என்பது ஹெக்ஸ் எண். கிட்டில் தட்டும்போது இந்தக் கட்டளை 3ஏ, 00, 45 என்று மூன்று பைட்டாகும். இதையே சற்று மாற்றி இப்படியும் எழுதலாம்:

எல்எக்ஸ்ஐ எச், 4500

இது 21, 00, 45. கடைசி இரண்டு பைட்டும் இரண்டிலும் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். முதல் கட்டளை 4500க்குப் போய் அங்கே இருப்பதை எடுத்து வருகிறது. இரண்டாவது எங்கும் போவதில்லை. 4500 என்ற எண்ணையே எச், எல் என்ற ஜோடி ரெஜிஸ்டரில் வைத்துக்கொள்கிறது. 00 45 என்ற பைட்டுகளின் மேல் 'நான் முகவரி' என்றோ 'நான் வெறும் எண்' என்றோ எந்த முத்திரையும் இல்லை. முன்னால் நிற்கும் 3ஏ, 21 ஆகிய ஆப்கோடுகள்தான் அதைத் தீர்மானிக்கின்றன. அசெம்பிளியில் மாறிகளைக் குறிப்பிடுவது பற்றிய குழப்பங்கள் பெரும்பாலும் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து முளைத்தவை.

45 00 என்று எழுதாமல் ஏன் 00 45 என்று தலைகீழாக எழுத வேண்டும்? கீழ்ப் பைட் முதலில் என்பது இன்டெல் வழக்கம். இதன் வேர் 1972இல் வந்த 8008 சில்லு வழியாக டேட்டாபாயிண்ட் 2200 என்ற மேசைக் கணினி வரை போகிறது. அந்தக் கணினி எண்களை ஒவ்வொரு பிட்டாகக் கூட்டியது. நாம் காகிதத்தில் கூட்டும்போது ஒன்றாம் இடத்தில் தொடங்குவதுபோல அதற்கும் கீழ்ப் பகுதி முதலில் கைக்கு வர வேண்டியிருந்தது. கூட்டும் முறை மாறி அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. வரிசை மட்டும் இன்றைய மடிக்கணினி வரை அப்படியே வந்திருக்கிறது.

முகவரியை எண்ணாக ரெஜிஸ்டரில் வைத்துக்கொள்வதால் என்ன லாபம்? அதைக் கூட்டலாம், கழிக்கலாம். 8085இல் 'எம்' என்று ஒரு போலி ரெஜிஸ்டர் உண்டு. 'மூவ் ஏ, எம்' என்றால், எச்எல் ஜோடியில் உள்ள எண் எந்த முகவரியோ அங்கே இருக்கும் பைட்டை எடு என்று பொருள். அடுத்து 'ஐஎன்எக்ஸ் எச்' என்று எழுதினால் 4500 என்பது 4501 ஆகும். திரும்ப 'ஏடிடி எம்' என்றால் அடுத்த எண் கூட்டப்படும். ஒரே நிரல் துண்டு சுற்றிச் சுற்றி ஓடி ஐந்து எண்ணையும் கூட்டும், ஐம்பது எண்ணையும் கூட்டும். சி மொழியில் மாணவர்களை மிரட்டும் பாயிண்டர் என்ற பூதம் இவ்வளவுதான்: எண்ணாகப் பிடித்துவைத்த ஒரு முகவரி.

இந்த வசதி முதல் கணினிகளில் இருக்கவில்லை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 1949 மே மாதம் ஓடத் தொடங்கிய எட்சாக் கணினியில் முகவரியைத் தாங்கும் ரெஜிஸ்டர் கிடையாது. கட்டளைக்குள்ளேயே முகவரி எழுதப்பட்டிருக்கும்: இந்த இடத்தில் உள்ளதைக் கூட்டு. அடுத்த இடத்தில் உள்ளதைக் கூட்ட வேண்டுமானால்? நிரல் தன் கட்டளையையே ஒரு எண்ணாக எடுத்து, அதன் முகவரிப் பகுதியில் ஒன்றைக் கூட்டி, மறுபடி அதே இடத்தில் வைத்துவிடும். அடுத்த சுற்றில் திருத்தப்பட்ட கட்டளை ஓடும். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தன்னையே திருத்திக்கொள்வதை இன்று பார்த்தால் வைரஸ் என்று சந்தேகிப்போம். அன்று ஒரு பட்டியலைக் கூட்டுவதற்கு அதுதான் வழி. அதே ஆண்டு மான்செஸ்டர் மார்க் 1 கணினியில் முகவரியோடு சேர்த்துக் கூட்டிக்கொள்வதற்கென்றே தனி ரெஜிஸ்டர் ஒன்று வந்தது. பி லைன் என்று அதை அழைத்தார்கள். கட்டளை அப்படியே இருக்கும். பி லைனில் உள்ள எண் மட்டும் ஏறும். 8085இன் எச்எல்லும், 8086இன் எஸ்ஐ, டிஐ ரெஜிஸ்டர்களும் அந்த வழியில் வந்தவை.

இனி பெயருக்கு வருவோம். கையால் முகவரி போட்டு எழுதியவர்களுக்கு ஒரு வேதனை தெரியும். நிரலை எழுதி முடித்தபின் நடுவில் ஒரே ஒரு கட்டளையைச் செருக வேண்டியிருக்கும். செருகினால் அதற்குக் கீழே உள்ள எல்லாம் மூன்று பைட் வரை தள்ளிப்போகும். அங்கே தாவும் கட்டளைகளில் எழுதிய முகவரிகள் அத்தனையும் பொய்யாகிவிடும். அசெம்பிளர் என்ற மென்பொருள் இந்த வேதனைக்கு மருந்து. நாம் பெயர் எழுதுகிறோம், அது எண் போடுகிறது. இதை அது இரண்டு நடையில் செய்கிறது. முதல் நடையில் எதையும் மொழிபெயர்க்காமல், ஒவ்வொரு வரியும் எத்தனை பைட் பிடிக்கும் என்று மட்டும் எண்ணிக்கொண்டே போகும். வழியில் ஒரு பெயர் தென்பட்டால், அந்தக் கணத்தில் எண்ணிக்கை எவ்வளவோ அதைப் பெயருக்கு நேராக ஒரு பட்டியலில் குறித்துக்கொள்ளும். இரண்டாம் நடையில் அந்தப் பட்டியலைப் பார்த்துப் பார்த்துக் கட்டளைகளை நிரப்பும். வேலை முடிந்ததும் பெயர்கள் உதிர்ந்துவிடும். பிழை தேடும் கருவிகளுக்காகத் தனியே சேமித்தால் ஒழிய, ஓடும் நிரலில் 'தொகை' என்ற சொல் எங்கும் இருக்காது.

அசெம்பிளர்களின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஐபிஎம் 650 கணினிக்கு 1950களின் நடுவில் எழுதப்பட்ட சோப் என்ற அசெம்பிளர். அந்தக் கணினியின் நினைவகம் நிமிடத்துக்கு 12,500 முறை சுழலும் ஓர் உருளை. அதில் 2000 சொற்கள். 0000 முதல் 1999 வரை முகவரி. ஒவ்வொரு கட்டளையும் பத்து இலக்கம்: முதல் இரண்டு என்ன செய்வது என்று சொல்லும், அடுத்த நான்கு தரவின் முகவரி, கடைசி நான்கு அடுத்த கட்டளையின் முகவரி. அடுத்த கட்டளை அடுத்த இடத்தில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. காரணம் உருளையின் சுழற்சி. ஒரு கூட்டலை முடிப்பதற்குள் உருளை கொஞ்சம் நகர்ந்துவிடும். அடுத்த கட்டளை பக்கத்து இடத்தில் இருந்தால் அது ஏற்கெனவே கடந்து போயிருக்கும். அது திரும்பி வர ஒரு முழுச் சுற்று, 4.8 மில்லி நொடி, காத்திருக்க வேண்டும். மேற்படி கணினிக்கு அது யுகம். எனவே முந்தைய கட்டளை முடியும் நேரத்தில் தலைக்கு நேராக எந்த இடம் வரும் என்று கணக்கிட்டு, அடுத்ததை அங்கே வைக்க வேண்டும். சோப் செய்தது இதைத்தான். பெயருக்கு ஏதோ ஓர் எண் போடுவதோடு நிற்காமல், சுழற்சியைக் கணக்கிட்டு மிகச் சிறந்த எண்ணைத் தேடிப் போட்டது. இந்த இயந்திரத்தின் மேல் கொண்ட பிரியத்தில், டொனால்ட் நூத் தன் புகழ்பெற்ற நிரலாக்கக் கலை நூல் வரிசையைக் கேஸ் கல்லூரியில் முன்பு நிறுவப்பட்டிருந்த 650 கணினிக்கே காணிக்கை ஆக்கினார்.

பெயரை எண்ணாக மாற்றியாயிற்று. ஆனால் பழைய கேள்வி வேறு வேடத்தில் வந்து நிற்கிறது. இன்றைய இன்டெல் வகைச் சில்லுக்கு 'மூவ் இஏஎக்ஸ், தொகை' என்று எழுதினால் ரெஜிஸ்டருக்குள் வருவது தொகையின் முகவரியா, அங்கே இருக்கும் மதிப்பா? (மாறியின் பெயரை வசதிக்காகத் தமிழில் வைத்துக்கொள்கிறேன்.) இதற்கு ஒரே பதில் இல்லை, எந்த அசெம்பிளரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. மைக்ரோசாஃப்ட்டின் மாஸ்ம் மதிப்பைத் தரும். சதுர அடைப்புக்குறி போட்டு [தொகை] என்று எழுதினாலும் அதையேதான் தரும். முகவரி வேண்டுமானால் 'ஆஃப்செட்' என்ற சொல்லை முன்னால் சேர்க்க வேண்டும். 1996இல் சைமன் டாத்தமும் ஜூலியன் ஹாலும் வெளியிட்ட நாஸ்ம் அசெம்பிளரில் அதே வரி முகவரியைத் தரும். மதிப்பு வேண்டுமானால் அடைப்புக்குறி கட்டாயம். லினக்ஸில் புழங்கும் க்னூ அசெம்பிளரின் வழக்கமான நடையிலோ வெறும் பெயர் மதிப்பைக் குறிக்கும். முகவரிக்கு முன்னால் டாலர் குறி போட வேண்டும். ஒரே சில்லு, ஒரே கட்டளை, மூன்று இலக்கணம். மாஸ்முக்காக எழுதிய இந்த வரியை நாஸ்மில் ஓட்டினால் பல சமயம் பிழைச் செய்தியும் வராது. தொகை 25 ஆக இருக்க வேண்டிய இடத்தில் 42 லட்சம் சொச்சம் என்று ஒரு பெரிய எண் வரும். அப்படி வந்தால் அது கணக்கின் விடை இல்லை, வீட்டு விலாசம் என்று புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

என் ஓட்டு நாஸ்முக்கு. பெயர் என்றால் எண். உள்ளே போய்ப் பார்க்க வேண்டுமானால் அடைப்புக்குறி போடு. இந்த ஒரு விதிக்கு விலக்கே இல்லை. மாஸ்ம் உயர்மட்ட மொழி போல எழுதுபவரின் மனதை ஊகித்து நடக்கப் பார்க்கிறது. ஊகம் வேண்டாம் என்றுதானே அசெம்பிளிக்கு வருகிறோம்? ஆனால் மாஸ்ம் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. மாறியை அறிவிக்கும்போது அது ஒரு பைட்டா, இரண்டா, நான்கா என்று சொல்கிறோம் அல்லவா, அதை மாஸ்ம் நினைவில் வைத்துக்கொள்ளும். நாஸ்ம் வேண்டுமென்றே மறந்துவிடும். '[தொகை] இல் 5ஐப் போடு' என்று நாஸ்மிடம் சொன்னால், எத்தனை பைட் என்று சொல்லவில்லையே எனப் பிழை காட்டும். முகவரி ஒரு தொடக்கப் புள்ளியை மட்டுமே காட்டுகிறது, அங்கிருந்து எத்தனை பைட் நமக்குச் சொந்தம் என்பதை அது சொல்வதில்லை. நான்கு பைட் மாறியில் ஒரு பைட் மட்டும் எழுதினால் மேல் மூன்றிலும் பழைய குப்பை கிடக்கும். ஒரு பைட் மாறியில் நான்கு பைட் எழுதினால் பக்கத்து மாறிகள் நாசம்.

சி மொழியில் 'ஸ்கேன்எஃப்' எழுதும்போது ஆம்பர்சண்ட் குறியை விட்டுவிட்டு நிரல் விழுந்துபோனவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அந்தக் குறி அசெம்பிளியில் என்ன ஆகிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும். எண்ணை அச்சிடும்போது கம்பைலர் 'மூவ்' கட்டளையால் மதிப்பை எடுத்துக் கொடுக்கிறது. எண்ணை உள்வாங்கும்போது 'எல்ஈஏ' என்ற கட்டளையால் முகவரியைக் கொடுக்கிறது. மதிப்பை வாங்கிக்கொண்ட ஸ்கேன்எஃப், பாவம், அதையே முகவரி என்று நம்பி எங்கேயோ போய் எழுதப் பார்க்கும். எல்ஈஏ ஒரு விசித்திரமான கட்டளை. அடைப்புக்குறி போட்டுத்தான் எழுதுவோம். ஆனால் அது நினைவகத்தைத் தொடுவதே இல்லை. அடைப்புக்குள் இருக்கும் கணக்கை மட்டும் போட்டு விடையைக் கொடுத்துவிடும். 1985இல் வந்த 386 சில்லில் இந்தக் கணக்கு விரிந்தது: ஒரு ரெஜிஸ்டர், அதோடு இன்னொரு ரெஜிஸ்டரை 1, 2, 4, 8 ஆகியவற்றில் ஒன்றால் பெருக்கிக் கூட்டியது, அதோடு ஒரு மாறிலி. கம்பைலர் எழுதியவர்கள் சும்மா இருப்பார்களா? ஓர் எண்ணை ஐந்தால் பெருக்க வேண்டுமானால் 'எல்ஈஏ இஏஎக்ஸ், [இஏஎக்ஸ் + இஏஎக்ஸ்*4]' என்று எழுதிவிடுகிறார்கள். முகவரிக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது.

அந்த ஸ்கேன்எஃப் உதாரணத்தில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. ஒரு செயற்கூறுக்குள் அறிவித்த மாறிக்கு அசெம்பிளரால் முகவரி போடவே முடியாது. கம்பைலர் அதை [ஆர்பிபி - 4] என்று குறிக்கும்: ஸ்டேக்கில் இந்தச் செயற்கூறுக்கு ஒதுக்கிய பகுதியின் அடியிலிருந்து நான்கு பைட் கீழே. ஆர்பிபியில் என்ன எண் இருக்கும் என்பது அழைக்கப்படும் நொடியில்தான் தெரியும். தொடர் பெருக்கம் கண்டுபிடிக்கும் செயற்கூறு தன்னைத்தானே பத்து முறை அழைத்தால், நிரலில் ஒரே ஒரு முறை எழுதிய அந்த மாறி ஒரே நேரத்தில் பதினொரு முகவரிகளில் உயிரோடு இருக்கும். நிலையான ஒரே முகவரி கொடுத்திருந்தால் ஒவ்வோர் அழைப்பும் முந்தைய அழைப்பின் எண்ணை அழித்திருக்கும்.

ஸ்டேக்கில் இல்லாத, நிரல் முழுவதற்கும் பொதுவான மாறிகளுக்காவது எண் உறுதியா? அதுவும் இல்லை. ஒரு நிரலைப் பல கோப்புகளாக எழுதுகிறோம். ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே பார்க்கும் அசெம்பிளருக்கு, கடைசியில் எது எங்கே போய்ச் சேரும் என்று தெரியாது. ஆகவே முகவரி வர வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, 'இங்கே பிறகு நிரப்பவும்' என்று ஒரு குறிப்பைச் சேர்த்துவிடும். அந்தக் குறிப்புகளை வாசித்து எண்களை இட்டு நிரப்புவது லிங்கரின் வேலை. இது பழைய யோசனை. எட்சாக்கில் டேவிட் வீலர் 1949இல் எழுதிய தொடக்க நிரலின் இரண்டாம் பதிப்பு மொத்தமே 41 கட்டளைகள். அதில் முகவரிக்குப் பின்னால் தீட்டா என்ற எழுத்தைத் துளையிட்டால், துணைநிரல் நினைவகத்தில் எங்கே ஏறுகிறதோ அந்தத் தொடக்க எண்ணை அதுவே கூட்டிக்கொள்ளும். 41 கட்டளைகளுக்குள் இதை அடக்கியது அசாத்தியமான காரியம். இன்றைய லிங்கர்கள் பல மெகாபைட் அளவில் இருப்பதை வீலர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

லிங்கர் நிரப்பிய எண்ணும் இப்போது நிரந்தரம் இல்லை. பாதுகாப்புக்காக இயங்குதளங்கள் ஒரே நிரலை ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் ஏற்றுகின்றன. முகவரி முன்கூட்டியே தெரிந்துவிட்டால் ஊடுருவுகிறவனுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. அப்படியானால் மாறியை எப்படிக் குறிப்பிடுவது? கதவு எண் தெரியாத தெருவில் 'டீக்கடையிலிருந்து நாலாவது வீடு' என்று சொல்வதுபோலத்தான். மொத்த நிரலும் இடம் மாறினாலும் கட்டளைக்கும் மாறிக்கும் இடையே உள்ள தூரம் மாறாது. 2003இல் ஏஎம்டி சந்தைக்குக் கொண்டுவந்த 64 பிட் வடிவமைப்பு இதை நேரடியாகவே ஆதரிக்கிறது. அடுத்த கட்டளையின் முகவரி ஆர்ஐபி ரெஜிஸ்டரில் இருக்கும். அதிலிருந்து முன்னாலோ பின்னாலோ 2 ஜிகாபைட் வரை தூரம் சொல்லலாம். இதனால் கட்டளையும் சுருங்குகிறது. 64 பிட் முகவரியை முழுதாகச் சுமந்தால் 10 பைட், தூரத்தைச் சொல்லி எல்ஈஏ எழுதினால் 7 பைட். நாஸ்மில் 64 பிட் நிரல்களின் தலையில் 'டிஃபால்ட் ரெல்' என்று ஒரு வரி தென்படுவது இதற்காகத்தான். அதற்கு முந்தைய 32 பிட் சில்லுகளில், தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள நிரல்கள் ஒரு தந்திரம் செய்தன. அடுத்த வரியையே துணைநிரல் போல 'கால்' செய்யும். திரும்பி வரவேண்டிய முகவரியைச் சில்லு ஸ்டேக்கில் வைக்கும். நிரல் அதைத் திரும்பிப் போகப் பயன்படுத்தாமல், எடுத்துப் படித்துக்கொள்ளும்.

கைபேசிகளில் இருக்கும் ஆர்ம் சில்லுகளுக்கு வேறு சங்கடம். அங்கே ஒவ்வொரு கட்டளையும் சரியாக 32 பிட். 64 பிட் முகவரி அதற்குள் எப்படி அடங்கும்? எனவே இரண்டு தவணை: முதல் கட்டளை 4 கிலோபைட் பக்கம் எது என்று சொல்லும், இரண்டாவது பக்கத்துக்குள் எத்தனையாவது பைட் என்று சொல்லும். ரிஸ்க்-5 சில்லிலும் இரண்டு தவணைதான், ஆனால் ஒரு குறும்பு உண்டு. மேல் 20 பிட் முதலில், கீழ் 12 பிட் பிறகு. அந்தக் கீழ்ப் பகுதியைச் சில்லு குறியுள்ள எண்ணாகப் படிக்கும். ஹெக்ஸில் 12345900 என்ற முகவரி வேண்டுமானால் மேலே 12345 என்று எழுதினால் தவறு. 12346 என்று எழுதி அதிலிருந்து 700ஐக் கழிக்க வேண்டும். அசெம்பிளர் தானே பார்த்துக்கொள்ளும். கையால் எழுதிப் பார்ப்பவர்கள்தான் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

ஓர் இடத்துக்கு ஒரு முகவரி என்ற எண்ணத்தையும் சில்லுகள் விட்டுவைக்கவில்லை. 1978இல் வந்த 8086இன் ரெஜிஸ்டர்கள் 16 பிட், முகவரியோ 20 பிட். செக்மென்ட் என்ற எண்ணைப் பதினாறால் பெருக்கி ஆஃப்செட்டைக் கூட்டினால் உண்மையான முகவரி கிடைக்கும். ஹெக்ஸில் 1234:0005 என்றாலும் 1230:0045 என்றாலும் போய்ச் சேருவது 12345 என்ற அதே இடத்துக்குத்தான். ஒரே பைட்டை இப்படி 4096 விதமாகக் கூடக் குறிப்பிடலாம். இரண்டு முகவரிகள் சமமா என்று எண்ணை ஒப்பிட்டுப் பார்த்து ஏமாந்தவர்கள் அந்தக் காலத்தில் அதிகம்.

நேர்மாறும் உண்டு. 1962இல் மான்செஸ்டரின் அட்லஸ் கணினி தொடங்கிவைத்த மெய்நிகர் நினைவக முறையில், நிரல் சொல்லும் முகவரியை வன்பொருள் இன்னொரு முகவரியாக மாற்றியபின்தான் நினைவகத்துக்கு அனுப்புகிறது. இன்று ஒரே மடிக்கணினியில் ஓடும் இரண்டு நிரல்கள் ஒரே முகவரியில் வெவ்வேறு எண்களை வைத்திருக்கலாம். ஒன்றுக்கு மற்றொன்று தெரியாது.

இயங்குதளமே இல்லாத சின்னச் சில்லிலும் இது நடக்கும். 1980இல் வந்த 8051 மைக்ரோகன்ட்ரோலரும் நம் கல்லூரி லேப்களுக்குப் பழக்கமானதுதான். அதில் 'மூவ் ஏ, #30' என்றால் 30 என்ற எண், 'மூவ் ஏ, 30' என்றால் 30ஆம் இடத்தில் இருப்பது. ஒரு குறியை மறந்தால் 74 என்ற ஆப்கோடுக்குப் பதில் ஈ5 வந்து உட்காரும். அதன் தம்பியான 8052இல் 256 பைட் நினைவகம். ஆனால் 80 முதல் தொடங்கும் ஹெக்ஸ் முகவரிகள் போர்ட், டைமர் போன்ற சிறப்பு ரெஜிஸ்டர்களுக்கும் தரப்பட்டிருக்கின்றன. அந்த இரண்டையும் பிரிப்பது முகவரி அல்ல, கேட்கும் விதம். 'மூவ் ஏ, 90' என்று நேராகக் கேட்டால் போர்ட் 1இன் கால்களில் அந்த நொடி என்ன மின்னழுத்தம் இருக்கிறதோ அது வரும். அதே 90ஐ ஆர்0 ரெஜிஸ்டரில் வைத்து 'மூவ் ஏ, @ஆர்0' என்று கேட்டால், நினைவகத்தில் நாம் முன்பு எழுதிவைத்த பைட் வரும்.